ஊசியக்காவின் பின்விளக்கு

அந்த வட்டாரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாருமில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. அவளைப் பார்த்ததும் பிள்ளைகள் "ஊசியக்கா வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவார்கள். அந்தப் பெயர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்து நான்குதான் என்றாலும், அறுபதைத் தாண்டியவர்களுக்கும் அவள் ஊசியக்காதான்.

ரத்தம் எடுப்பதில் அவள் கை அப்படி. "இன்னும் குத்தலியா?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பவர்களிடம், "எடுத்து முடிச்சாச்சு, கையை மடக்கிக்குங்க" என்பாள். நரம்பு தட்டுப்படாத வயதானவர்கள் வேறு யார் வந்தாலும் கையை நீட்ட மாட்டார்கள்.

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். ஏழரைக்குள் பதினைந்து, இருபது வீடுகள். எடுத்த குழாய்களை எல்லாம் பனிக்கட்டிப் பை வைத்த பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் பட்டை போட்டுக் கட்டியிருப்பாள். மோட்டார் சைக்கிள் அவள் கணவனுடையது. அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். குரல் உயர்த்திப் பேசியதில்லை. அவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, "பஸ்ஸை நம்பினா உனக்கு ஆகாது, வண்டியை நீ எடுத்துக்கோ. எனக்குக் கடை நடக்கிற தூரம்தானே" என்று சாவியை எடுத்து நீட்டியவன் அவன்தான். பக்கத்துக் கிடங்கு ஒன்றுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஒரு மாதம் கூடவே ஓடி ஓடிக் கற்றுக் கொடுத்தான். "கிளட்ச்சை விடறப்ப, கைல இருக்கிற கோழிக்குஞ்சைக் கீழே விடற மாதிரி விடணும்" என்பான். அதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைக்கும் என்று உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்று வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டியில், ஒருநாள் பின்விளக்கு அணைந்துபோனது. ரொட்டி போடுகிறவர் பின்னாலேயே வந்து, "ஊசியக்கா, உங்களுக்குப் பின்னாடி ஒரே இருட்டா இருக்கே!" என்றார். பல்பு போனால் மாற்ற வேண்டியதுதானே என்று வாங்கி மாட்டினாள். பதினோரு நாளில் அதுவும் போனது. அடுத்தது ஒன்பது நாள்.

மூன்றாவது பல்புக்கு மெக்கானிக்கிடம் போனாள். தெருமுனையில் கடை வைத்திருந்த அந்த மெக்கானிக், கணவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வாரத்துக்கு ஒரு நாளாவது அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவளை வாய் நிறையத் தங்கச்சி என்பான். அவளுக்கும் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் அந்த 'தங்கச்சி' காதுக்கு இதமாக இருந்தது.

"விட்டுட்டுப் போ தங்கச்சி, பார்த்து வைக்கிறேன்" என்றான். சாயங்காலம் போனபோது, பல்புக்கு அடியில் ரப்பர் போட்டிருப்பதாகவும் இனிமேல் வண்டி அதிர்ந்தாலும் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னான். எட்டு நாள் ஓடியது.

"எர்த் வயர் லூசா இருந்துச்சு. முறுக்கி விட்டுட்டேன்" என்றான் அடுத்த முறை. பத்து நாள்.

அதற்கடுத்த முறை கழற்றிய பல்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான். "தப்பா நினைச்சுக்காதே தங்கச்சி. நீ பிரேக் மேலேயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுற. பயத்துல ஓட்டுறவங்க எல்லாம் அப்படித்தான். பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா பல்பு என்ன பண்ணும், பாவம்!"

கடையில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்று வருடமாக ஓட்டுகிறோம், நம் கால் என்ன செய்கிறது என்று நமக்கே தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து வலது காலை பிரேக்கிலிருந்து விலக்கிப் பின்னால் இழுத்தே வைத்துக்கொண்டு ஓட்டினாள். வழியெல்லாம் குனிந்து குனிந்து காலையே பார்த்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல்லாகியிருக்கும். கணவன் எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து நீவி விடுவான். "ஏன் இப்படி உடம்பைப் போட்டு வதைச்சுக்கிற?" என்பான்.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. கிளம்பும்போது வண்டியைக் கிளப்பிவிட்டு, கணவனைக் கூப்பிடுவாள். அவன் தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பான்.

"எரியுதா?"

"எரியுது."

"பிரேக்?"

"அதுவும் எரியுது. பார்த்துப் போயிட்டு வா."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் இருட்டில் இறங்கிப் போனாள்.

மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலை. பதினேழு வீடு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு முன்னால், பிரேக்கைத் தொடாமல் முறுக்கை மட்டும் தளர்த்தி வேகத்தைக் குறைத்தபோது பின்னாலிருந்து பால் வேன் வந்து முட்டியது. வேன் ஓட்டி வந்தவன் அவளைப் பார்த்ததே கடைசி நொடியில்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்தும் வேன் வழுக்கிவந்து பெட்டியைத் தட்டிவிட்டது. வண்டி சாய்ந்தது, முழங்கால் ரோட்டில் தேய்ந்தது. டிரைவர் இறங்கி ஓடி வந்தான். "லைட்டே இல்லையேம்மா உங்களுக்கு! ஆள் இருக்கிறதே தெரியலியே!" என்று அழாத குறையாகச் சொன்னான்.

பெட்டி திறந்து கிடந்தது. பதினேழு பேருடைய ரத்தமும் ரோட்டில்.

முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் அதே பதினேழு வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முடக்குவாதத்தில் படுத்திருந்த ஒரு தாத்தா மட்டும், "போன தடவை நல்ல ரத்தம் கொடுத்தேன். இப்ப இருக்கிறது ரெண்டாந்தரம், பரவாயில்லையா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அவருடைய கையில் நரம்பு கிடைக்க இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவரை இரண்டு முறை குத்தியதில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

விழுந்த அன்று வீட்டில் காயத்தைத் துடைத்து மருந்து போட்டுவிட்டது கணவன்தான். குழந்தைக்குப் போடுவதுபோல ஊதி ஊதிப் போட்டான். "இந்த வேலை போதும்மா. விட்டுடு" என்றான். "நான்தாங்க சரியா ஓட்டல. கால் திரும்பவும் பிரேக்குக்குப் போயிருக்கும்" என்று அவள் சொன்னாள். அவன் மருந்து மூடியைத் திருகி மூடினான்.

ஆனால் வேலையை விட அவளுக்கு மனமில்லை. பரிசோதனைக் கூடத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: ஒரு முடிவு பொருந்தாமல் இருந்தால், நோயாளியைச் சந்தேகப்படுவதற்கு முன் மாதிரியை எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். செத்த பல்புகளை அவள் எறியவில்லை. மெக்கானிக் கழற்றிப் போட்டவற்றையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றையும் காலிக் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, ரத்தக் குழாய்க்கு ஒட்டுவதுபோலவே சீட்டு ஒட்டினாள். மாட்டிய தேதி, போன தேதி. பத்து வாரத்தில் ஏழு பல்பு. குழாய் தாங்கியில் ஏழும் வரிசையாக நின்றன.

கூடத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று அடிக்கடி மக்கர் செய்யும். அதைச் சரிபார்க்க வருகிறவர் பேச்சு குறைந்த மனிதர், தடிக் கண்ணாடி போட்டவர். அன்று வந்தவர் மேசையில் இருந்த ஏழு குழாயைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர், இது யாருக்கு எடுத்த டெஸ்ட்?"

"என் வண்டிக்கு சார்" என்று அவள் சிரித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். காலைப் பற்றியும் சொன்னாள்.

அவர் ஒரு பல்பை எடுத்து ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். பிறகு இன்னொன்று. ஏழையும் பார்த்தார்.

"உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். இங்க பாருங்க. உள்ளே ரெண்டு கம்பி இருக்கா? பெரிசு பிரேக்குக்கு, சின்னது சும்மா எரியறதுக்கு. நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போயிருந்தா பெரிசுதான் போயிருக்கணும். இதுல ஏழுலயும் செத்தது சின்னக் கம்பி. பெரிசு அப்படியே உசிரோட இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய இழை ஒன்று அறுந்து ஆடியது. பக்கத்தில் இன்னொன்று முழுசாக நின்றது. கண்ணாடியின் உட்புறம் புகை பிடித்ததுபோல் கறுத்துக் கிடந்தது.

"கண்ணாடி கறுத்திருக்கே, அது அதிர்வுல வராது. தாங்க முடியாத கரண்டு பாய்ஞ்சிருக்கு. வண்டியைக் கொண்டாங்க."

வாசலிலேயே இருக்கையைக் கழற்றி, பேட்டரியில் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்தார். "கிளப்புங்க." நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது பதிமூன்று வோல்ட் காட்டியது. "இதுல பல்புக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப ஆக்சிலேட்டரை முறுக்குங்க." எண் ஏறியது. பதினைந்து, பதினாறு, பதினேழரை. "பதினாலரையைத் தாண்டக்கூடாது சிஸ்டர். இன்ஜின்ல வர்ற கரண்டை அடக்கி அனுப்பறதுக்கு ரெகுலேட்டர்னு ஒரு பெட்டி இருக்கும், உள்ளங்கை அகலம். அது கெட்டுப்போச்சு. தலைவிளக்குக்கு இந்த வண்டியில வேற வழியாப் போகுது, அதனால தப்பிச்சிடுச்சு. பேட்டரித் தண்ணிகூட அடிக்கடி வத்துமே?"

வற்றியது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஊற்றிக் கொடுத்தானே.

"மீட்டர் வச்சுப் பார்த்தா ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு அவர் தன் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார்.

எண்களைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, மதியமே மெக்கானிக் கடைக்குப் போனாள். அவளுக்கு அப்போது கோபம் ஒன்றுமில்லை. அண்ணன் கவனிக்காமல் விட்டிருப்பான், சொன்னால் மாட்டிக் கொடுப்பான் என்றுதான் போனாள். கால் மேல் பழி இல்லை என்ற சந்தோஷம்கூட இருந்தது.

"அண்ணே, பதினேழரை வருதாம். ரெகுலேட்டர் போயிருக்காம்."

வண்டிக்கடியில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "யாரு பார்த்தது?"

"லேப்புக்கு வர்ற சார்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து உள்ளே போய், பின் அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் வண்டி இருக்கையின் மேல் வைத்தான். பெட்டி தூசி படிந்திருந்தது. மேலே பேனாவால் வண்டியின் எண் எழுதியிருந்தது, அவளுடைய வண்டி எண். அதற்குக் கீழே தேதி. ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி.

"மூணாவது பல்புக்கு நீ வண்டியை விட்டுட்டுப் போனியே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. மறுநாளே வாங்கிட்டு வந்துட்டேன். மாட்டத்தான் போனேன்."

"அப்புறம்?"

அவன் தெருவைப் பார்த்தான். "உன் வீட்டுக்காரன்தான் வேணாம்னான். பல்பை மட்டும் மாத்திக் கொடு, நாலு தடவை வழியில விளக்கு அணைஞ்சு அலுத்துப்போனா அவளே வண்டியையும் வேலையையும் விட்டுடுவான்னான். முப்பது வருஷத்துச் சினேகிதன் கேட்கிறான், எப்படி முடியாதுன்னு சொல்றது? எனக்கும் அது பெரிசாத் தோணல. பல்புதானேன்னு..."

அவள் பெட்டி மேல் இருந்த தேதியைத் திரும்பப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"என் காலைச் சொன்னீங்களே அண்ணே. அதையும் அவர்தான் சொல்லச் சொன்னாரா?"

"இல்ல... அது நானாச் சொன்னது. நீ கேட்கிறப்ப ஏதாவது ஒண்ணு சொல்லணுமே."

பெட்டியை எடுத்துக்கொண்டாள். "கொடு, மாட்டித் தர்றேன்" என்று அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கூடத்துக்கே திரும்பிப் போய், இயந்திரக்காரர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, இரண்டு திருகைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதை வைத்து, வயர்க் கொத்தைச் சொருகினாள். எவ்வளவு முறுக்கினாலும் மீட்டர் பதினாலைத் தாண்டவில்லை. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் கால் மணி நேர வேலையைத்தானா ஏழு வாரம் செய்யாமல் வைத்திருந்தார்கள் என்று நினைத்தபோதுதான் முதல்முறையாகக் கோபம் வந்தது.

சாயங்காலம் கணவன் கடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். எப்போதும்போல இரண்டு கோப்பை எடுத்தான். அவள் பழைய ரெகுலேட்டரைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவனுக்கு அது என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது அவளுக்கு.

"அவன் சொல்லிட்டானா?" என்றான் மெதுவாக.

"நீங்க சொல்லியிருக்கலாமே. வேலைக்குப் போகாதேன்னு நேராச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதான்னா? என்னை மாட்டேன்னு சொல்லக்கூட விடாம, நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவன் அடுப்பைச் சின்னதாக்கினான். "காலையில முழிச்சா பக்கத்துல வெறும் தலையணைதான் இருக்கு. மூணு வருஷமா. கடையில ஒருத்தன் விடாமக் கேட்கிறான், வண்டி வீட்டம்மாவுக்கு, நடை உனக்கான்னு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும்னு தெரியும். உன்னைச் சண்டை போட்டு நிறுத்த மனசு வரல. தானா நின்னுடும்னு நினைச்சேன். நான் எதையும் உடைக்கலியே. பல்புதானே."

'பல்புதானே' என்று இரண்டாவது ஆளும் சொல்லிவிட்டான்.

"பின்னாடி வர்றவனுக்கு நான் ரோட்டுல இருக்கேன்னு சொல்றது அது ஒண்ணுதாங்க. வேன் இடிச்ச அன்னைக்கு, ஊதி ஊதி மருந்து போட்டீங்களே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு ராத்திரியே மாட்டச் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம்... நீயே பயந்து விட்டுடுவேன்னு பார்த்தேன்."

தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவள்தான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

அவளை அரித்தது அந்தப் பதில்கூட இல்லை. காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று அவன் சொன்ன 'எரியுது'தான். அது பொய்யில்லை. வாசலில் நிற்கிற வண்டியில் பதிமூன்றுதான் வரும், விளக்கு எரியும். தெருவைத் தாண்டி வேகமெடுத்த பிறகுதான் பதினேழரை. என்றைக்காவது ஒருநாள் அது வழியில் அணையும் என்று தெரிந்துகொண்டே, கண்ணெதிரே எரிவதைப் பார்த்து எரியுது என்று உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கிறான். பொய் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை சீக்கிரம் ஆறியிருக்கும் என்று பிறகு ஒருமுறை இயந்திரக்காரரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை வண்டிச் சாவியைக் கணவனின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தே கிளம்பினாள். "எடுத்துட்டுப் போ, இப்பதான் சரியாயிடுச்சே" என்று அவன் பின்னாலேயே வாசல் வரை வந்தான். "உங்க வண்டிங்க அது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. கூடத்து டாக்டரிடம் சொல்லி, நடந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்தும் போகக்கூடிய வீடுகளை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. பிறகு பழைய வண்டி ஒன்றைத் தேடினாள். பார்த்த வண்டிகளில் நான்கை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். விற்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, பையிலிருந்து மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்துப் பார்த்து, ஐந்தாவதை வாங்கினாள். தாத்தா தொடங்கி எல்லாப் பழைய வீடுகளும் அவளுக்குத் திரும்பி வந்தன.

மெக்கானிக் அடுத்த வருடம் பரிசோதனைக் கூடத்துக்கே வர வேண்டியிருந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேறு ஆள் இல்லை, அவளே அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். கிரீஸ் கறை போகாத தடித்த கை. நரம்பு தெளிவாகத் தெரிந்தது. வலி தெரியாமல் ஒரே குத்தில் எடுத்தாள்.

"என்மேல இன்னும் கோபமா தங்கச்சி?"

"கையை மடக்கிக்குங்க. அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

"ரிசல்ட்டு எப்படியிருந்தாலும் உள்ளதைச் சொல்லிடுவீங்கதானே?" என்று சிரிக்கப் பார்த்தான். அவளை அவன் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்குங்க" என்று குழாயில் அவன் பெயரை எழுதி ஒட்டினாள். சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது. டாக்டரை உடனே பார்க்கும்படி, எந்த நேரத்தில் எதைச் சாப்பிட வேண்டும் என்பது உட்பட, எல்லோருக்கும் சொல்வதுபோல அவனுக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவன் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

அவளும் கணவனும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் பலமுறை மன்னிப்புக் கேட்டான். அவளும் சரி என்றாள். கடையில் கேலி பேசியவனோடு ஒருநாள் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டதாக வந்து சொன்னான். அதையும் கேட்டுக்கொண்டாள். காலையில் அவளுக்கு முன்பே எழுந்து தேநீர் போட்டு வைக்கிறான், அவள் குடிக்கிறாள். வீட்டில் சத்தமில்லை, சண்டையில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

முன்பெல்லாம் சாயங்காலம் வந்ததும் எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எந்தப் பிள்ளை எந்தக் கட்டிலுக்கடியில் ஒளிந்தது என்று ஒன்றுவிடாமல் அவனிடம் கொட்டுவாள். அவன் லென்ஸ் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பான். இப்போது அவன்தான் கேட்கிறான்.

"இன்னைக்கு எத்தனை வீடு?"

"பதினாறு."

"வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது" என்கிறாள் அவள். அதற்குமேல் அவன் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒரு வார்த்தை வருவதில்லை.